தையல்நாயகியின் மேல்மண்

திண்டிவனம் பக்கத்தில் இருக்கிற எங்கள் பிரம்மதேசத்தைச் சுற்றி என் டிராக்டர் உழாத நிலம் குறைவு. "விருத்தாசலம் வண்டி எங்க ஓடுது?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டால் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற யாரும் கை காட்டுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஸ்டியரிங் பிடித்து இரண்டு உள்ளங்கையும் காய்த்துப் போயிருக்கிறது. அப்படிப்பட்ட என்னை, நான் தாலி கட்டின பெண்டாட்டி, தன் கொல்லைக்குள் வண்டியை விடக்கூடாது என்று வரப்பில் குறுக்கே நின்று மறித்தாள். கேட்டீர்களா இந்தக் கொடுமையை! ஊருக்கெல்லாம் உழவு ஓட்டுகிறவன் வீட்டுக் கொல்லையில் மூன்று வருடம் உழவு இல்லை. அந்த மூன்று வருடக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்; அது என் பிறவிக் குணம்.

அவள் பெயர் தையல்நாயகி. வயது நாற்பத்தாறு. என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது பத்தொன்பது. பிறந்த ஊர் பக்கத்து ஊர்தான். அவள் அப்பாவுக்கு ஆண்பிள்ளை கிடையாது என்பதால், குட்டைக்கு மேலே சரிவாக இருந்த ஒரு ஏக்கர் செம்மண் நிலத்தை இவள் பேருக்கே எழுதி வைத்தார். மேட்டுக்கொல்லை என்போம்; புன்செய் நிலம் எங்கள் பக்கம் கொல்லைதான். மழையை நம்பி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற கொல்லை. எங்களுக்கு ஒரே மகள் காந்திமதி. அவளைச் செஞ்சிப் பக்கம் கட்டிக்கொடுத்து ஆறு வருடமாகிறது. அதற்குப் பிறகு தையல்நாயகிக்கு அந்தக் கொல்லைதான் பிள்ளை.

அதிகம் பேச மாட்டாள். ஆனால் அவள் செய்கிற சில காரியங்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். கொல்லைக்குள் செருப்போடு போக மாட்டாள். களை பிடுங்கினால் வேரில் ஒட்டிய மண்ணை உதறி, பிடுங்கின குழியிலேயே போட்டு, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்துவாள். வீட்டுக்குக் கிளம்பும்போது பாதத்தில் ஒட்டியிருக்கிற மண்ணை வரப்பிலேயே தட்டிவிட்டுத்தான் வருவாள். "ஒரு கூடை மண்ணா கால்ல ஒட்டிக்கினு வந்துடப் போவுது?" என்று கேட்பேன். "ஒரு சிட்டிகன்னாலும் அது இங்கதான இருக்கணும்?" என்பாள்.

இன்னொன்றும் உண்டு. பங்குனியில் குட்டை வற்றியதும் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். கொல்லைத் தண்ணீர் வந்து விழுகிற மூலையில் படிந்திருக்கிற வண்டலை மட்டும் அள்ளி, தலையில் சுமந்து, மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவாள். ஒரு நாளைக்குப் பத்துக் கூடை, பதினைந்து கூடை. எனக்கு மானம் போகும்.

"டிராக்டர்காரன் பொண்டாட்டி கூடை சொமக்குறான்னு ஊரே சிரிக்குதுமே. ஒரே நாள்ல டிப்பர்ல அள்ளிப் போட்டுர்றேன், வுடு."

"வாணாங்க. நீங்க அள்ளுனா கண்ட மண்ணும் வரும். எனுக்கு இந்த மூலை மண்ணுதான் வேணும்."

மண்ணாசை பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

அவள் வண்டியை மறித்தது ஒரு ஆடி மாதத்தில். அதற்கு முந்தின ஆவணியில் மழை பொய்த்து மல்லாட்டை வாடியபோது, கொல்லை மூலையில் இருக்கிற வேப்பமரத்தடியில் மட்டும் பத்துப் பன்னிரண்டு செடி பச்சையாக நின்றது. அந்த மூலையில் டிராக்டர் திரும்பாது; அதனால் உழவும் கிடையாது. புல் முளைத்து, காய்ந்து, அங்கேயே மக்கிக் கிடந்த இடம். கொட்டியிருந்த மல்லாட்டை எப்படியோ அங்கே விழுந்து முளைத்திருந்தது. அதை அவள் ஒரு வருடமாக மனசில் வைத்திருந்திருக்கிறாள்.

"இந்தத் தடவ உழவு வாணாங்க," என்றாள்.

"இன்னாது?"

"அந்த மூலைய பாத்தேன். நீங்க திரும்பாத எடத்துல மட்டும் மண்ணுக்கு உசுரு இருக்குது. கொல்லி பூரா அப்படியே வுட்டுப் பாக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தில் வண்டியை அணைக்கவே மறந்துவிட்டேன். அது ஒரு பக்கம் உறும, நான் ஒரு பக்கம் உறும. ஒன்பது கொத்துக் கலப்பை மாட்டி நாலு சால் ஓட்டாமல் மல்லாட்டை எப்படி இறங்கும், மண் பொலபொலவென்று இல்லாமல் காய் எங்கே பிடிக்கும் என்று கத்தினேன். அவள் வரப்பை விட்டு நகரவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம்.

"மூணு வருஷம் எங்கிட்ட வுடுங்க. மூணாவது வருஷம் வழக்கமா வர்ற பதினாறு மூட்டைக்குக் கொறஞ்சா, நீங்க உழுதுக்கோங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"அங்காளம்மா மேல சத்தியமா."

மேல்மலையனூர் அம்மன் பெயரை இழுத்துவிட்டால் அவள் பேச்சு மாற மாட்டாள். நானும் சரி என்றேன். அன்று சாயங்காலமே டீக்கடையில் இந்தப் பந்தயத்தை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் செய்த விவசாயம் இதுதான். களைக்கொட்டால் விதைக்கு மட்டும் சின்னக் குழி போட்டு மல்லாட்டை ஊன்றுவாள். ஐப்பசியில் மல்லாட்டை பிடுங்கின மறுநாளே கொள்ளு தெளிப்பாள். மற்றவர்கள் கொல்லை அந்த மழைக்காலம் முழுக்க வெறும் மண்ணாகக் கிடக்கும். இவள் கொல்லை பச்சைப் போர்வை போர்த்தியிருக்கும். தையில் கொள்ளை அறுத்து, காயை மட்டும் எடுத்துக்கொண்டு, தழையை அப்படியே மண்மேல் பரப்பிவிடுவாள். அது காய்ந்து மக்கும். உரத்தையும் மேலேயே தூவுவாள்.

"புடுங்கும்போது மண்ணு கலையுதே, அது மட்டும் பரவால்லியா?" என்று சீண்டுவேன்.

"புடுங்குறது செடி கொடுக்கிறது. உழவு நாம குத்துறது. ரெண்டும் ஒண்ணா?"

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள்.

சித்திரை முதல் நாள் எங்கள் பக்கம் நல்லேர் கட்டுவோம். ஊரில் உள்ள எல்லோரும் தங்கள் நிலத்தில் அன்று ஒரு சாலாவது உழுதாக வேண்டும். மாடு இருந்த காலத்தில் மாடு. இப்போது டிராக்டருக்கு மஞ்சள் தடவி, மாவிலை கட்டி, கற்பூரம் காட்டிவிட்டு ஓட்டுகிறோம். அந்த வருடங்களில் என் வண்டி மட்டும் மேட்டுக்கொல்லை வரப்புக்கு வெளியே நிற்கும். தையல்நாயகி கற்பூரம் ஏற்றுவாள், மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், அவ்வளவுதான். சின்னக்கண்ணு என்று எங்கள் பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருவர். வாய் சும்மா இருக்காது.

"இன்னா விருத்தாசலம், ஊருக்கெல்லாம் ஒழவு ஓட்டுற, ஊட்டுக் கொல்லில காடு மண்டிக் கெடக்குது? பொண்டாட்டிக்குப் பயமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். பெரிய பேஜாரு.

முதல் வருடம் பதினொரு மூட்டை. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். இரண்டாம் ஆடிக்கு முன்னால் அவளே மண் எடுத்துக்கொண்டு திண்டிவனம் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். அட்டை வந்தது. மணிச்சத்து 'மிக அதிகம்' என்று போட்டிருந்தது. வேர் ஓடுவதற்கும் காய் திரள்வதற்கும் வேண்டிய சத்து அதுதான். நாம் டிஏபி, சூப்பர் என்று உரத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டுவது அதற்காகத்தான். அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அட்டையைக் காலண்டர் ஆணியில் மாட்டினாள். "பாத்தீங்களா, மண்ணு தானே சேத்து வச்சிருக்குது," என்று சொல்லி, சூப்பர் போடுவதை அடியோடு நிறுத்திவிட்டாள்.

அந்த வருடம் மழை இடைவெளியில்லாமல் பெய்தது. பதினேழு மூட்டை. எனக்கு உள்ளுக்குள் பொறாமை. அடுத்து வந்த கார்த்திகையில் ஒரு புயல் மழை அடித்தது. இரண்டு நாள் வானம் வெளுக்கவில்லை. வண்டி ஷெட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் குடையோடு போனவன், குட்டைக் கரையில் நின்றுவிட்டேன். சின்னக்கண்ணு கொல்லையிலிருந்து தண்ணீர் செக்கச்செவேலென்று மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தது. அது நான் உழுத கொல்லை. பக்கத்தில் தையல்நாயகியின் கொல்லையிலிருந்தும் தண்ணீர் வந்தது. அடியில் கிடந்த புல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக வந்தது. குடை பறந்ததுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் என்ன குறைந்தா போய்விடுவேன்? ஆனாலும் சொல்லவில்லை.

மூன்றாவது வருடம் வந்தது. பந்தய வருடம்.

ஆடியில் நல்ல ஈரத்தில் ஊன்றினாள். முளைப்பும் அருமை. பிறகு ஆவணியில் இருபத்து நாலு நாள் ஒரு சொட்டு மழையில்லை. மேலே கிடந்த தழை கொஞ்சம் காப்பாற்றியது. ஆனாலும் செடி வளரவில்லை. இலை சிறுத்து ஒரு மாதிரி கரும்பச்சையாக நின்றது. தண்டு ஊதா நிறத்துக்குப் போனது. தினமும் காலையில் போய் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்ப்பாள். வந்து சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு அளைந்துகொண்டே இருப்பாள். "சாப்டுமே," என்று அதட்டினால் இரண்டு வாய் தின்பாள்.

ஐப்பசியில் பிடுங்கினோம். ஏழு மூட்டை.

ஜெயித்துவிட்டேன். இந்த நாளுக்காக எத்தனை வசனம் தயார் பண்ணி வைத்திருந்தேன் தெரியுமா? ஒன்றும் வாயில் வரவில்லை. அவள் கடைசி மூட்டையின் வாயைத் தைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"சொன்ன சொல்லு சொன்னதுதான். சித்திரை நல்லேருக்கு உழுதுக்கோங்க."

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போலக் கொள்ளு தெளித்துக்கொண்டிருந்தாள். "அதான் உழப்போறமே, இது எதுக்கு?" என்றேன். "ஏரு பூர்ற வரைக்கும் மூடிக்கினு இருக்கட்டும்," என்றாள். அங்கே நிற்க முடியவில்லை. போய் டீ குடித்தேன்.

ஆனால் ஒரு விஷயம் என்னை விடாமல் அரித்தது. மணிச்சத்து மிக அதிகம் என்று அட்டை சொல்கிறது. செடியோ அந்தச் சத்து இல்லாமல் ஏங்கின மாதிரி நிற்கிறது. இருபத்திரண்டு வருடம் நிலத்தைப் பார்த்தவனுக்கு அந்த ஊதாத் தண்டு தெரியாதா? ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றி, மடியில் செருகிக்கொண்டு, திண்டிவனத்தில் வேளாண்மை ஆபீசில் வேலை பார்க்கிற சித்ரா மேடத்தைப் போய்ப் பார்த்தேன். முப்பது வயசு இருக்கும். கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மண்ணு எத்தன ஆழத்துல எடுத்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"மேல இருந்துதான்," என்றாள் தையல்நாயகி.

"மேலன்னா?"

"ரெண்டு அங்குலம் இருக்கும். கரண்டியாலதான் சொரண்டி எடுத்தேன்."

"அறிவு கெட்டவளே! அரையடிக்குக் குழி வெட்டி எடுக்கணும்னு பையிலயே அச்சடிச்சுக் குடுத்திருப்பாங்களே, படிக்கலியா?"

"படிச்சேன்."

"அப்பறம்?"

புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "பத்து எடத்துல குழி வெட்டணும்னு போட்டிருந்துச்சு. களைக்கொட்ட ஓங்குனேன். வெட்ட மனசு வரல. ஒரு வருஷமா ஒரு கீறல் படாம வச்சிருந்தேன்..." என்று இழுத்தாள்.

சொல்லுங்கள், இதற்கு ஒருவன் கோபப்படுவானா, அழுவானா? பரிசோதனைக்கு மண் எடுப்பதற்குக்கூட மண்ணைக் குத்த மாட்டேன் என்று கரண்டியால் சுரண்டியிருக்கிறாள், பைத்தியக்காரி. நான் ஒரு கத்து கத்திவிட்டு வெளியே போய்விட்டேன்.

மறுநாள் நானே மண்வெட்டியோடு போனேன். பத்து இடத்தில் அரையடிக்குக் குழி. மேல் இரண்டு அங்குல மண் ஒரு பையில். அதற்குக் கீழே இருந்த மண் இன்னொரு பையில். அப்படித் தனித்தனியாக எடுத்து வரச் சொன்னது சித்ரா மேடம்தான். தையல்நாயகி ஒவ்வொரு குழியிலும் நான் வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்டி முடித்ததும் குனிந்து மூடினாள்.

முடிவு வந்தது. மேல் பையில் மணிச்சத்து கொட்டிக் கிடந்தது. கீழ்ப் பையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம்.

"இந்தச் சத்து மத்ததுங்க மாதிரி தண்ணியோட கீழ எறங்காதுங்க. போட்ட எடத்துலயே ஒக்காந்துக்கும்," என்றார் சித்ரா மேடம். "உழுதா கலப்பை கீழ மேலன்னு கலந்துடும். உழவு இல்லாதப்ப நீங்க தூவுன உரம் பூரா மேலயே தங்கிடுச்சு. கொள்ளு வேற, வேரால கீழ இருந்து சத்த உறிஞ்சி, தழையாக்கி, அதையும் மேலயே மக்க வச்சிருச்சு. மழ பேஞ்சா மேல் மண்ணு ஈரமா இருக்கும், வேரு மேலயே சாப்டுக்கும். அதனால அந்த வருஷம் நல்லா வந்துச்சு. இந்த வருஷம் மேல காஞ்சு போச்சா, வேரு ஈரத்தத் தேடிக் கீழ போச்சு. அங்க தண்ணி இருந்துச்சு, சாப்பாடு இல்ல."

"இப்ப இன்னா பண்றது?"

"ரெண்டு வழி இருக்குதுங்க. ஒரே ஒரு தடவ நல்லா உழுது மேல கீழ கலந்து வுட்டுடலாம். ஆனா உங்குளுது சரிவு நிலம். உழுததும் ஒரு பெரிய மழ வந்துச்சுன்னா இத்தன நாளு சேத்த மண்ணு, அதுல இருக்கிற சத்து, எல்லாம் கரைஞ்சு குட்டைக்குப் போயிடும். இன்னொன்னு, சூப்பர எருவோட கலந்து ஒரு மாசம் வச்சிருந்து, வரிசைக்கு வரிசை கோடு மட்டும் கிழிச்சு அஞ்சு அங்குலம் கீழ வைக்கறது. மத்த எடம் கலையாது. வேல அதிகம். எதுன்னாலும் எருவைத் தயார் பண்ணி வச்சுக்கோங்க."

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். இந்த இடத்தில் என் சின்னப் புத்தியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து தையல்நாயகியிடம் பாதியைத்தான் சொன்னேன்.

"ஒரு தடவ உழுதா செரியாப் பூடும்னு மேடமே சொல்லிட்டாங்க. எருவுல சூப்பர் கலந்து வையி."

சித்திரை முதல் நாள் ஊர் முன்னால் என் வண்டி அந்தக் கொல்லையில் ஏற வேண்டும். சின்னக்கண்ணு வாயை மூட வேண்டும். அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அவள் "செரிங்க" என்றாள். எருவைக் கலந்து குவித்து, ஈரச்சாக்குப் போட்டு மூடி, ஒரு மாதம் பார்த்துக்கொண்டாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு மழை பெய்து மண் பதமானது. சித்திரை முதல் நாள் காலை ஆறு மணிக்கெல்லாம் ஊரே கொல்லையில் இருந்தது. என் வண்டிக்கு மஞ்சள், குங்குமம், மாவிலை. பின்னால் ஒன்பது கொத்துக் கலப்பை பளபளவென்று மின்னியது. தையல்நாயகி எனக்கு முன்பே வந்திருந்தாள். வண்டி ஏறுகிற இடத்தில் கிடந்த கொள்ளுத் தழையைக் கையால் அள்ளி ஓரமாக வைத்தாள். தேங்காய் உடைத்தாள். கற்பூரம் காட்டினாள். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

நான் வண்டியை ஏற்றினேன். லிவரைத் தள்ளிக் கலப்பையை இறக்கினேன். பத்தடி போயிருப்பேன். சால் நேராக விழுகிறதா என்று பார்க்கத் திரும்பினேன். அது இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

அவள் வண்டிக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தாள். கலப்பை புரட்டிப் போட்ட மண்ணை இரண்டு கையாலும் அள்ளி, பிளந்த சாலுக்குள் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். ஒரு மண்புழு வெளியே கிடந்து துடித்தது. அதையும் எடுத்து உள்ளே விட்டு மூடினாள்.

வண்டியை அணைத்தேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். திருடி மாட்டிக்கொண்டவள் போல அவசரமாக எழுந்தாள்.

"தெரியாமத்தாங்க கை பூட்ச்சு. நீங்க ஓட்டுங்க. நான் பாக்கல, போறேன்."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. இறங்கினேன்.

"தையலு, நான் உங்கிட்ட பாதிதான் சொன்னேன்."

"இன்னா பாதி?"

சொன்னேன். இன்னொரு வழி இருப்பதைச் சொன்னேன். மழை வந்தால் மண் குட்டைக்குப் போய்விடும் என்று மேடம் எச்சரித்ததையும் சொன்னேன். சின்னக்கண்ணு வாயை அடைக்கத்தான் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"யோவ்!" என்றாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவள் என்னை யோவ் என்று கூப்பிட்டது நாலு தடவைக்குள் இருக்கும். "மூணு நாளா தூங்கல நானு. மனுசனாய்யா நீ?"

"இல்ல," என்றேன். "ஸ்பேனரை எடு."

பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கலப்பைக்கு அடியில் படுத்தேன். போல்ட்டு எல்லாம் துரு ஏறி உயிரை வாங்கியது. ஒன்பது கொத்துப் பல்லில் ஏழைக் கழற்றி வரப்பில் அடுக்கினேன். சின்னக்கண்ணு அங்கிருந்தே கத்தினார்:

"இன்னாபா, நல்லேர் அன்னிக்கே கலப்ப ஒடஞ்சிட்ச்சா?"

"ஒடயல. பல்லப் புடுங்கிக்கினு இருக்கேன். உனுக்கும் புடுங்கணும்னா ஜல்தியா வா!"

தையல்நாயகி சிரித்துவிட்டாள். ஐப்பசிக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

இரண்டே கொத்து. வண்டியை மேலிருந்து கீழாக நிறுத்தினேன். எப்போதும் அப்படித்தான் ஓட்டுவேன், திருப்பம் குறைவு, டீசல் மிச்சம். அவள் கையைக் காட்டினாள்.

"குறுக்கால ஓட்டுங்க. சரிவுக்குக் குறுக்கால."

வண்டி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனது. நான் மெதுவாக, நடக்கிற வேகத்தில் ஓட்டினேன். அவள் பின்னாலேயே எருக்கூடையோடு வந்து கோட்டில் எருவை விட்டு, காலால் மூடிக்கொண்டே வந்தாள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் கொள்ளுத் தழை கலையாமல் கிடந்தது. ஒரு மணி நேர வேலைக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. கொல்லையின் கீழ்க்கோடியில், குட்டைக் கரைக்குப் பக்கத்தில் கடைசிக் கோட்டை முடித்துவிட்டு, இரண்டு பேரும் உட்கார்ந்து கூழ் குடித்தோம். குட்டை வற்றி வெடித்துக் கிடந்தது. அந்த மூலையில் பழைய வண்டல் மேடு தட்டியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது.

"ஆமா, முன்ன எல்லாம் கூடை கூடையா வண்டல் சொமப்பியே. இப்ப மூணு வருஷமா காணமே?"

"இப்ப எதுக்குங்க? மண்ணுதான் கீழ போவலையே."

சொம்பு என் வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப... அது நம்ம கொல்லி மண்ணா?"

"பின்ன ஆரு மண்ணு? மழையில போனதத்தான் திருப்பி எடுத்துக்கினு வந்தேன். மேட்டுல கல்லு தெரிய ஆரம்பிச்சிருச்சு, நீங்க பாக்கல."

நான் மேலிருந்து கீழாக ஓட்டின ஒவ்வொரு சாலும் மழைத் தண்ணீருக்கு வாய்க்காலாக இருந்திருக்கிறது. ஆடியில் நான் கிளறிவிட்டதை ஐப்பசி மழை அடித்துக்கொண்டு போனது. பங்குனியில் இவள் தலையில் சுமந்து மேலே ஏற்றியிருக்கிறாள். அடுத்த ஆடியில் நான் மறுபடியும் கிளறியிருக்கிறேன். இப்படி எத்தனை வருடம்! நானோ ஊர் சிரிக்கிறது என்று அவளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏமே எங்கிட்ட சொல்லல?"

அவள் சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"உங்களுக்கு அந்த வண்டின்னா உசுரு. நீங்க ஒழவு ஓட்டி நம்ம மண்ணே போவுதுன்னு சொன்னா நீங்க தாங்குவீங்களா? மண்ணு போனா சொமந்துக்கலாம்."

நான் அழுதேன். ஐம்பத்திரண்டு வயசில், மஞ்சள் பூசின வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அவள் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "சின்னக்கண்ணு பாக்கப்போறாரு, எழுந்திருங்க," என்றாள்.

மறுநாள் காலையில் அவள் எழுந்து வாசல் தெளிப்பதற்குள் நான் கிளம்பிவிட்டேன். வண்டியை எடுக்கவில்லை. மாட்டுக் கொட்டகையில் மாட்டியிருந்த அவள் கூடையை எடுத்துக்கொண்டு குட்டைக்குள் இறங்கி, அந்த மூலை மண்ணை மட்டும் அள்ளினேன். சும்மாடு கட்டத் தெரியாமல் துண்டை எப்படியோ சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மேடு ஏறினேன். கழுத்து வலி உயிர் போனது. மூன்றாவது கூடை கொட்டும்போது அவள் வரப்பில் வந்து நின்றாள்.

"இன்னாங்க இது, ஊரு சிரிக்கப் போவுது."

"சிரிச்சிட்டுப் போவட்டும். இன்னும் எத்தன வருஷ மண்ணு கீழ கெடக்குது?"

"ரொம்ப இருக்குதுங்க."

"அப்ப இன்னொரு கூடை எடுத்துக்கினு வா," என்றேன். செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் குட்டையில் இறங்கினேன்.